மூக்கர் வீட்டு வசாபி

பால் நிலையத்தில் அவரை மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. அதை அங்கே யாரும் எட்டிப் பார்த்ததில்லை. காலையில் வேன்களில் வந்து இறங்கும் கேன்களின் மூடியைத் திறந்து, மூடியின் உள்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "எறக்கு" என்றோ "திருப்பு" என்றோ சொல்வது அவர் வேலை. ஆய்வுக்கூடம் ஒன்றும் இருக்கத்தான் செய்கிறது. அங்கிருந்து முடிவு வருவதற்குள் பால் பெரிய தொட்டியில் கலந்துவிடும், ஒரு கேன் கெட்டிருந்தால் தொட்டியே பாழ். அதனால் முதலில் மூக்கு, அப்புறம்தான் கண்ணாடிக் குழாய்.

அது சாமானிய மூக்கு இல்லை. மாடு எந்தச் செடியைக் கடித்தது, கேனைக் கழுவிக் காயவைத்தார்களா, ஈரத்தோடு மூடினார்களா, வேனில் பாலோடு மண்ணெண்ணெயும் சவாரி வந்ததா, எல்லாம் சொல்லிவிடும். வீட்டுக்கு வந்தாலும் அதற்கு ஓய்வு கிடையாது. மனைவிக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் இவர் ஆரம்பித்துவிடுவார். "இன்னிக்கு யாருக்கோ பல்ல ராவியிருக்காங்க" என்பார். "கிராம்பு எண்ணெயக் கொட்டிட்டீங்களா" என்பார். "வீட்டுக்குள்ள வந்தா ஒரு மனுஷிக்கு மரியாதையே இல்ல" என்று அவள் அலுத்துக்கொள்வாள். அலுப்பில் பாதி பெருமை.

அப்பேர்ப்பட்ட மூக்கு, மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சலோடு கிளம்பிப் போய்விட்டது.

காய்ச்சல் போயிற்று, சளி போயிற்று, வாசனை மட்டும் திரும்பவில்லை. முதலில் அடைப்பு என்று நினைத்தார். ஆவி பிடித்தார். பிறகு பயம் வந்துவிட்டது. குளியலறையில் பினாயில் பாட்டிலைத் திறந்து இழுத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. தீக்குச்சியைக் கிழித்து அணைத்து அந்தப் புகையை இழுத்தார், ஒன்றுமில்லை. தூங்குகிற மகளின் தலையில் முகத்தைப் புதைத்துப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் இல்லாததைக் கண்டபோது அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. பிள்ளை விழித்துக்கொண்டு, "என்னப்பா" என்று கேட்டது. "ஒன்னுமில்லடா, பேன் இருக்கான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் யாருக்கும் தெரியாமல் போய்க் காட்டினார். "வரலாம், வராமலும் போகலாம். பொறுமையா இருங்க" என்றார் அவர். பொறுமையாக இருக்கச் சொல்கிறவர்கள் யாருக்கும் மூக்கை வைத்துப் பிழைப்பு நடப்பதில்லை. மூக்கு போனது தெரிந்தால் கேன் இறக்கும் மேடையில் மூக்கரை எதற்கு வைத்திருப்பார்கள்? துரத்திவிட மாட்டார்கள், கேன் கழுவுகிற பக்கம் ஆள் வேண்டும்தான். ஆனால் இத்தனை காலம் யார் யார் கேனைத் திருப்பினாரோ அவர்கள் முன்னாலேயே தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது. வீட்டிலும் சொல்லவில்லை. வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் எதையாவது எடுத்து மோந்தார். பேனா, செருப்பு, செய்தித்தாள், பக்கத்து வீட்டு மாடிப்படியில் காயப்போட்ட துணி வரை. இப்படி ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டில் சோப்புக்கும் தேயிலைக்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தவரை, தட்டோடு நின்ற ஒரு பெண் பிடித்துக்கொண்டாள். "ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க சார், ஜப்பான் சாப்பாடு." கறுப்புக் கடற்பாசித் தாளில் சுற்றிய சின்னச் சோற்று உருண்டை, பக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு பச்சைக் களிம்பு. அவர் களிம்பை மொத்தமாக வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

மூக்குக்குள் யாரோ படாரென்று கதவைத் திறந்ததுபோல் இருந்தது. கண்ணில் நீர் கொட்டியது. "ஐயோ சார், தண்ணி வேணுமா" என்று அந்தப் பெண் பதறினாள். அவர் ஓட்டமும் நடையுமாகச் சோப்பு அடுக்குக்குப் போய், ஒவ்வொரு சோப்பாக எடுத்து மூக்கில் வைத்தார். ஒன்றுமில்லை. திரும்பி வந்து இன்னொரு வாய் போட்டுக்கொண்டார். மறுபடியும் கதவு திறந்தது. காவலாளி பின்னாலேயே வர ஆரம்பித்துவிட்டான். மூக்கர் அந்தப் பச்சைக் களிம்பில் ஒரு டியூப் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வசாபி என்று போட்டிருந்தது.

மருத்துவரிடம் ஓடிப்போய்ச் சொன்னார். "அது வாசனை இல்ல சார், எரிச்சல். அதுக்கு வேற நரம்பு. மூக்கு வந்துடுச்சுன்னு நம்பிடாதீங்க" என்றார் அவர். நம்பவில்லைதான். ஆனால் செத்துக் கிடந்த இடத்தில் ஏதோ ஒன்று நடக்கிறதே, அதுவே அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

டியூபைப் பிதுக்கிப் பிதுக்கி எவ்வளவு நாள் நக்கிக்கொண்டிருப்பது? அதோடு சாப்பிட ஏதாவது வேண்டாமா? பொத்தானை வாங்கிவிட்டு அதற்குச் சட்டை தேடுகிற கதையாக, மூக்கர் கைப்பேசியில் வீடியோ பார்த்து ஜப்பான் சமையலில் இறங்கினார். அடுப்படிப் பக்கமே வராத மனுஷன் அரிசி களைவதைப் பார்த்து மனைவி வாயடைத்துப் போனாள்.

முதல் சோறு தோற்றது. ஜப்பான் அரிசி, அளந்த தண்ணீர் எல்லாம் சரி; வேக்காடு வந்ததும் கை பழக்கதோஷத்தில் பானையைச் சாய்த்துக் கஞ்சியை வடித்துவிட்டது. சோறு ஒட்டவில்லை. கடற்பாசித் தாளின் மேல் பரப்பிச் சுருட்டினால் இரண்டு பக்கமும் பொலபொலவென்று உதிர்ந்தது. மகள் மேசையிலிருந்து பருக்கைகளைப் பொறுக்கிக்கொண்டே, "அப்பா, இது கறுப்புச் சார்ட் பேப்பரா? என் ப்ராஜெக்ட்டுக்கு ஒன்னு தாங்க" என்றாள்.

"ஒட்டவே மாட்டேங்குது" என்றார் மூக்கர்.

மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "ஒரு பருக்கை இன்னொரு பருக்கையத் தொட்டாலே தட்டத் தள்ளி வச்சுட்டு எழுந்து போற ஆளு நீங்க. கல்யாணமான புதுசுல குழைஞ்ச சோத்துக்காக எங்கிட்ட ரெண்டு நாள் பேசல. இப்ப குழையலன்னு அழறீங்களா? நல்லா இருக்கு நியாயம்."

ஆனாலும் அவர் விடவில்லை. வடிக்காமல் பொங்கப் பழகினார். சூடான சோற்றில் வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்து, மரக்கரண்டியால் வெட்டுவதுபோல் கிளறி, மகளை அட்டையால் விசிறச் சொல்லி ஆறவைத்தார். சாப்பாட்டு மேசையில் விரிக்கிற மூங்கில் விரிப்பு ஒன்று சுருட்டுவதற்குத் தோதாக அமைந்தது. வெள்ளரிக்காய், முட்டை, கேரட் என்று நீளநீளமாக நறுக்கி வைத்துச் சுருட்டி, ஈரக்கத்தியால் வில்லை வில்லையாக அறுத்தார். மூக்கு போனதிலிருந்து வீட்டுச் சாப்பாடு அவருக்கு வெறும் சூடான கூழ். இந்தச் சாப்பாட்டில் மட்டும் வாய்க்கு வேலை இருந்தது. தாள் நொறுங்கியது, சோறு ஜில்லென்று புளித்தது, வெள்ளரி கடிபட்டது, கடைசியில் வசாபி வந்து மூக்கில் ஓர் அறை விட்டது. அந்த ஒரு நொடிக்கு அவர் பழைய மூக்கராக இருந்தார். அப்புறம் மறுபடி ஒன்றுமில்லை. உடனே அடுத்த வில்லைக்குக் கை போகும்.

ஒரு நாள் சூப்புக்காகக் காய்ந்த மீன் சீவலைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிட்டார். தண்ணீர் வற்றி அடிபிடித்து, நெடி படியிறங்கிக் கீழ்வீடு வரைக்கும் போய்விட்டது. கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். மனைவியும் மகளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, மூக்கர் கரண்டியும் கையுமாக, "நல்ல வாசனை, இல்ல?" என்றார். மூன்று பேரும் அவரைப் பார்த்த பார்வையில் தப்பு நடந்துவிட்டது தெரிந்தது. "ஜப்பான்ல இப்படித்தான் இருக்கும்" என்று சமாளித்தார். கீழ்வீட்டுக்காரர் அந்த நாட்டைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு இறங்கினாரோ தெரியாது.

மனைவி சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு வேறொரு குறை இருந்தது. சாயங்காலம் அவள் வீட்டுக்குள் வந்தால் இவர் இப்போதெல்லாம் எதுவும் சொல்வதில்லை. ஒரு நாள் அவளே பக்கத்தில் வந்து நின்று, "என்ன, இன்னிக்கு ஒன்னும் கண்டுபிடிக்கலையா" என்று கேட்டாள். மூக்கர் சோற்றைத் தட்டிக்கொண்டே குருட்டாம்போக்கில், "கிராம்பு எண்ணெய்" என்றார். அன்று கிளினிக் விடுமுறை. அவள் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்திருந்தாள். அப்படியே உள்ளே போனாள். நம்மைக் கவனிப்பதையே விட்டுவிட்டார் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. அவருக்கும் அது புரிந்தது. புரிந்தும் வாய் வரவில்லை.

மேடையில் நிலைமை இன்னும் மோசம். மூடியைத் தூக்கி மூக்கில் வைக்கிற சடங்கு பழையபடியே நடந்தது. ஆனால் அவர் பாலைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். கெட்ட பால் கொண்டுவருகிறவன் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒரு கணக்கு. நேராகப் பார்க்கிறவனை எறக்கச் சொன்னார், முழிக்கிறவனைத் திருப்பினார். பெரும்பாலும் அது பலித்தும்விட்டது. அதுதான் ஆபத்து, பலிக்கப் பலிக்க அவருக்குத் துணிச்சல் கூடிற்று.

ஒரு நாள் காலை, மாட்டுக்கொட்டகைகள் இருக்கிற பக்கத்திலிருந்து வழக்கமாக வரும் வேன்காரர் வந்தார். அவருடையது சொந்தப் பால். மனைவி கறப்பாள், இவர் கொண்டுவருவார். அன்றைக்கு அவர் முகம் கோணிக்கொண்டு இருந்தது. மூக்கர் மூடியை எடுக்கும்போதே வேன்காரர் கண்ணைத் திருப்பிக்கொண்டார். கேட்டதற்குச் சரியாகப் பதிலும் இல்லை. மூக்கருக்கு உடனே உறுதியாகிவிட்டது.

"திருப்பு" என்றார்.

"அண்ணே" என்று வேன்காரர் தாடையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். "திருப்புன்னா திருப்பு." அந்த நிலையத்தில் திருப்பின பாலை வேறெங்கும் விற்கக் கூடாது என்பதற்காக நீலச் சாயம் ஊற்றிவிடுவார்கள். மற்ற வேன்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, கேன் கேனாகப் பால் நீலமாயிற்று.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி பேச்சுவாக்கில் சொன்னாள். "உங்க நிலையத்துக்கு வர்ற வேன்காரர் ஒருத்தர் இன்னிக்கு கிளினிக்குக்கு வந்தார். கடவாய்ப்பல்லு. கன்னமெல்லாம் வீங்கி, வலியில ஆளால பேசவே முடியல. காலையில பாலையும் நீங்க திருப்பிட்டீங்களாம். பாவம், ஒரே நாள்ல ரெண்டு அடி."

மூக்கர் கையிலிருந்த சோற்று வில்லையைத் தட்டிலேயே வைத்தார். மூக்கு இருந்திருந்தால் அந்த மூடியை ஒரு நொடி இழுத்துவிட்டு "எறக்கு" என்றிருப்பார். பல்வலிக்காரனின் முகத்தைப் பார்த்துப் பாலைக் கொட்டியாயிற்று. அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது.

அடுத்த நாள் வேன்காரர் முதல் ஆளாக வந்து நின்றார். வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. "அண்ணே, இன்னிக்குச் சரியா இருக்கா பாருங்க. கேனையெல்லாம் வெந்நீர் ஊத்திக் கழுவியிருக்கு" என்றார். மூக்கர் மூடியைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி பார்த்து, "எறக்கு" என்றார். அதற்கடுத்த நாளும் அதே கேள்வி, அதே பணிவு. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஒவ்வொரு காலையும் அந்தக் கேள்வி மூக்கரைச் சுட்டது. சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பார், பின்னால் அடுத்த வேன் ஹாரன் அடிக்கும், மென்று விழுங்கிவிடுவார். கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல், "ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாங்க. வீட்ல இருக்கிறவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். வேன்காரர் தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

ஜப்பான் விருந்து, பச்சை மீன் உண்டு என்று மேடை முழுக்கப் பேச்சாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் மூக்கர் பெரிய கடைக்குப் போய், பச்சையாகவே சாப்பிடலாம் என்று தனியாக விற்கிற சால்மன் மீனில் ஒரு துண்டு வாங்கி வந்து குளிர்பெட்டியில் வைத்தார். அதோடு வாங்கிய பெரிய சோயா சாஸ் பாட்டிலைக் கதவு அடுக்கில் திணித்தார். காலையில் எழுந்து பார்த்தால், அந்தப் பாட்டில் முட்டிக்கொண்டு கதவு ஒரு விரற்கடை திறந்தே கிடந்திருக்கிறது. பால் பாக்கெட் வெதுவெதுவென்று இருந்தது. எப்போதிலிருந்து திறந்திருந்ததோ யார் கண்டது.

மூக்கர் மீனை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார். நிறம் நன்றாகத்தான் இருந்தது. முழு மீனாக இருந்தால் கண்ணைப் பார்க்கலாம், செவுளைப் பார்க்கலாம்; இது தோலுரித்த துண்டு. விரலால் அழுத்தினார். சதை எழும்பியது, எழும்பாததுபோலவும் இருந்தது. மூக்கருகே கொண்டுபோய் இழுத்தார். ஒரு கல்லை மோந்த மாதிரி இருந்தது. நிலையத்தில் பாலைக் கொஞ்சம் கொதிக்கவைத்துத் திரிகிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் புத்தியில் ஓரத்தில் ஒரு சின்னத் துணுக்கை வெட்டிக் கரண்டியில் வைத்து நெருப்பில் காட்டினார். அது வெந்தது. மீன் வேகும் என்பது முன்பே தெரிந்த விஷயம்.

தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவதுதான் சுலபம். கை குப்பைத்தொட்டி வரை போகவும் செய்தது. நல்ல மீனாக இருந்தால்? தெரியவில்லை என்பதற்காக நல்லதைக் கொட்டுவது இது இரண்டாவது தடவையாகிவிடும். சரி, பரிமாறிவிடலாம் என்றால், கெட்டிருந்தால்? ஏற்கெனவே பாலைக் கொட்டிய வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு வைத்து வயிற்றையும் கெடுத்தனுப்புவதா? அவர் மீனை உள்ளே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். மகள் வந்து, "மீன் எங்கப்பா போகுது வருது" என்று கேட்டாள்.

மத்தியானம் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். வேன்காரரின் மனைவி ஒடிசலான பெண். கையில் ஒரு தூக்குப் பாத்திரம் நிறையத் தயிர் கொண்டுவந்திருந்தாள். முட்டைச் சுருளும் வெள்ளரிச் சுருளும் மேசைக்கு வந்தன. வேன்காரர் தட்டின் ஓரத்தில் இருந்த வசாபியை அப்படியே கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டார். கண் பிதுங்கி, மூச்சு நின்று, கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"பட்டாணி மசியல்னு நெனச்சேன்ணே. எடுத்த பல்லே திரும்ப வந்துட்ட மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வந்ததிலிருந்து மூக்கரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஒன்னு கேக்கணும்னுதான் நானும் வந்தேன். அன்னிக்கு எங்க பால்ல என்ன வாசனை வந்துச்சு? தெரிஞ்சா மறுபடி வராமப் பாத்துக்குவேன்."

மூக்கர் தண்ணீரைக் குடித்தார்.

"கொஞ்சம் புளிச்ச மாதிரி" என்றார்.

"புளிப்பா?" அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப செவலை மாடு இல்லையாங்க? அதுக்கு மடியில லேசா கட்டி இருந்துச்சுண்ணே. அதோட பால்தான் மொத்தத்தையும் கெடுத்திருக்கும்னு நாங்களா நெனச்சு, போன வாரம் வித்துட்டோம்."

"யார்கிட்ட?"

"தரகர் வந்து ஏத்திட்டுப் போனார். எங்க போச்சோ. ஏறவே மாட்டேன்னுச்சு வண்டியில."

மூக்கருக்கு அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. "மீன எடுத்துட்டு வரேன்" என்று அடுப்படிக்குப் போனார். மீன் தட்டு அடுப்பு மேடையில் இருந்தது. கத்தியைக் கையில் எடுத்தார், வைத்தார். மனைவி சோயா சாஸ் கிண்ணங்களை எடுக்க உள்ளே வந்தாள்.

"இந்தா, கொஞ்சம் மோந்து பாரு" என்றார்.

அவள் கேலி என்று நினைத்தாள். "நீங்களா? எங்கிட்டயா கேக்கறீங்க?"

"மோந்து பாரேன்."

அவர் குரலைக் கேட்டு அவள் கிண்ணங்களைக் கீழே வைத்தாள். குனிந்து மோந்தாள். "நல்லாதான் இருக்கு. கடல் வாசனைதான் வருது. ஏன்?" நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தவள், அப்படியே நின்றாள். அடிபிடித்த சூப்பும், கிராம்பு எண்ணெயும், பிள்ளை வந்து சொன்ன பேன் கதையும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு வந்திருக்க வேண்டும்.

"எப்பலேர்ந்து?"

"அந்தக் காய்ச்சல்லேர்ந்து."

"ஒன்னுமே தெரியலையா?"

"ஒன்னுமே."

"நான் என்னென்னவோ நெனச்சுட்டேன்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? நான் யாரு மூனாவது மனுஷியா?" கோபமா ஆறுதலா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப அவங்க பாலு?" என்றாள்.

மூக்கர் மீனை அறுத்தார். ஒழுங்காகவே அறுத்தார், வீடியோவில் பார்த்தபடி கத்தியைச் சாய்த்து, ஒரே இழுப்பில். மனைவி அவசரப்படுத்தவில்லை. அறுத்து முடித்ததும் தட்டை அவளிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு வெளியே போனார். மேசையில் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேசினார்.

"அன்னிக்கு உங்க பால்ல ஒரு வாசனையும் வரல. எனக்கு எந்த வாசனையும் வராது. மூக்கு போயிடுச்சு. இவர் மூஞ்சி கோணியிருந்துச்சு, அதப் பாத்துத் திருப்பிட்டேன். இப்ப கேட்டதுக்கும் பொய்தான் சொன்னேன்."

வேன்காரர் வாயைத் திறந்தபடி தாடையைத் தொட்டுக்கொண்டார். "பல்லுவலிண்ணே அது" என்றார் மெதுவாக.

"தெரியும்."

"அப்ப எங்க பாலு?" என்றாள் அவள்.

"நல்ல பாலும்மா. உங்க பால ஆய்வுக்கூடம் ஒரு நாளும் குறை சொன்னதில்ல."

மகள் ஒரு மீன் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் இருந்தாள். "தினமும் கேன மூனு தடவ கழுவறேன்" என்றாள் அந்தப் பெண் கடைசியில். "மாமியார் கை சுத்தமில்லன்னு அவங்களோட சண்டை. அந்தக் கிழவி இன்னும் எங்கிட்டப் பேசல. செவலைய வண்டியில ஏத்தறப்ப அடிச்சேன்." அவள் அழவில்லை. சொல்லிக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான்.

"நான் என்ன பண்ணணும், சொல்லுங்க" என்றார் மூக்கர்.

"இங்க சொன்னத அங்க சொல்லணும். அத்தன வண்டிக்காரங்களும் நின்னு பாத்துக்கிட்டிருந்தப்பதான் நீலத்த ஊத்துனீங்க. இங்க சோத்துக்குப் பக்கத்துல வச்சுச் சொல்லிட்டா ஆச்சா?"

"விடு, அண்ணன் வேலைக்கு ஆபத்து" என்றார் வேன்காரர்.

"தெரியும். என் மாட்ட ஏத்திவிட்டப்ப எங்க பொழப்புக்கு ஆபத்துன்னு யாரும் சொல்லல."

மூக்கரின் மனைவி குறுக்கே பேச வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நாளைக்குக் காலையிலயே சொல்லிடறேன்" என்றார்.

"நானும் அங்க வரேன்" என்றாள் வேன்காரரின் மனைவி. அதற்குப் பிறகு ஒரு துண்டு மீனை எடுத்து, தயங்கி மோந்து பார்த்து, சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் கையை நீட்டினார்கள். மூக்கர் அன்று வசாபியைத் தொடவில்லை.

மறுநாள் காலை மேடையில் வேன்கள் வரிசையாக நின்றன. வேன்காரரின் மனைவி வேனிலிருந்து இறங்கி, கேன்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மேலாளரும் வந்திருந்தார், எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. மூக்கர் மூடியைத் தொடவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் மூக்கு போனதையும், பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னதையும், அன்றைக்குத் திருப்பின பால் நல்ல பால் என்பதையும் சொன்னார். முன்னால் நின்ற இரண்டு மூன்று பேர் மேலாளரைப் பார்த்தார்கள். பின்னால் எஞ்சின்கள் உறுமிக்கொண்டிருந்தன.

அந்தப் பெண் நகரவில்லை. வரிசையின் கடைசி வரைக்கும் திரும்பிப் பார்த்தாள்.

"பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கலண்ணே" என்றாள். "வண்டியெல்லாம் நிறுத்தச் சொல்லிட்டு, இன்னொரு தடவ சொல்லுங்க."